மழை ஓயாத ஊரில் காடாகிப்போன தோட்டம்: வெட்டித் தள்ளுவதா, கூடவே வாழ்வதா?

மூலைவீடு எழுதியது (அக்டோபர்):

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் செம்பவாங்கில் என் பெற்றோர் வாழ்ந்த மூலைத் தரைவீடு இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. அப்பா கப்பல் பட்டறையில் உழைத்து வாங்கிய வீடு. பக்கவாட்டு நிலத்தையும் பின்கட்டையும் சேர்த்தால் ஒரு பூப்பந்துத் திடல் அளவுக்கு மண் இருக்கும். அம்மா இருந்தவரை அங்கே மல்லிகை, மருதாணி, கறிவேப்பிலை, முருங்கை, வாழை, ஒரு ராம்புத்தான் எல்லாம் அடக்கமாக நின்றன. அம்மா காலமாகி ஒன்றரை ஆண்டாகிறது. அதற்குப் பிறகு வீடு பூட்டியே கிடந்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பின்கதவைத் திறக்க முயன்றேன். பாதிக்கு மேல் திறக்கவில்லை. துரு பிடித்துவிட்டது என்று எண்ணித் தள்ளிப் பார்த்த பிறகுதான், வெளியிலிருந்து கொடிகள் கதவை அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. ராம்புத்தான் மரத்தின் ஓர் இலைகூடக் கண்ணில் படவில்லை. மரத்தின் மேல் பச்சைப் போர்வை போர்த்தியதுபோல் வேறு ஏதோ ஒரு கொடியின் இதய வடிவ இலைகள் மூடிக் கிடந்தன. மல்லிகை எங்கே இருந்தது என்பதையே என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு குத்தகையாளரை அழைத்துக் காட்டினேன். "எல்லாவற்றையும் வழித்துவிட்டுச் சிமெண்டு போட்டுவிடலாம், நான்கு நாள் வேலை" என்றார். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கொசுவுக்கும் பாம்புக்கும் அஞ்சுகிறார். அவர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. நான் இருப்பது பொங்கோலில், வயது 58, முழங்கால் வலி உண்டு, ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாள் வர இயலாது. அம்மாவின் தோட்டத்தைச் சிமெண்டால் மூட மனம் வரவில்லை. பழையபடி பராமரிக்கவும் என்னால் ஆகாது. இப்படிப்பட்ட தோட்டத்தை முழுவதும் அழிக்காமல், அதோடு வாழ்வதற்கு வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நான்காம்மாடி எழுதியது:

அக்கா, எனக்கு அனுபவம் எதுவும் இல்லை. நான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் ஒன்பது தொட்டி வைத்துக்கொண்டு, நடப்பதற்கு 1.2 மீட்டர் வழி விட்டிருக்கிறேனா என்று அளவுநாடாவோடு திரிகிறவன். பூப்பந்துத் திடல் அளவு மண் என்று படித்ததும் பொறாமையில் எழுதுகிறேன். சிமெண்டு மட்டும் போட்டுவிடாதீர்கள்.

மண்வெட்டி எழுதியது:

நான் செய்த பிழையை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காக இதை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பின்புறம் சற்றே சரிவான நிலம். மூன்றாண்டு கவனிக்காமல் விட்டதில் லாலாங் புல்லும் கொடியும் இடுப்பளவு வளர்ந்துவிட்டன. தீபாவளிக்கு உறவினர்கள் வருகிறார்கள் என்ற அவசரத்தில், நவம்பர் மாதத்தில் ஆள் வைத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னேன். மாலையில் பார்த்தபோது மொட்டையடித்த தலைபோல் நிலம் வெறும் செம்மண்ணாக இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள் பிற்பகலில் இரண்டு மணி நேரம் மழை பெய்தது. தேநீர் நிறத்தில் தொடங்கிய நீர், சற்று நேரத்தில் குழம்பு நிறத்துக்கு மாறி, வீட்டைச் சுற்றியுள்ள லோங்காங்கை, அதாவது வடிகாலை, நிரப்பிக்கொண்டு, கீழ்வீட்டுக்காரரின் கார் நிற்கும் இடத்தில் போய்ப் படிந்தது. மறுநாள் நானும் மகனும் வாளி வாளியாகச் சேற்றை அள்ளினோம். அந்த வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

இந்த ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆண்டில் சுமார் 170 நாள் மழைநாள். அது பெரும்பாலும் தூறலாக வருவதில்லை, கொட்டித் தீர்க்கிறது. அந்த அடியை இலைகளும் சருகும் தாங்கிக்கொண்டிருந்தவரை மண் இருந்த இடத்தில் இருந்தது. மேலே இருந்ததை எடுத்ததும் முதல் அடியே மண்ணின்மேல் விழுந்தது. நல்ல மேல்மண் ஒரு சாண்கூட இல்லாத இடத்தில் அதையும் இழந்துவிட்டு, பிறகு மூட்டை மூட்டையாகக் கடையில் மண் வாங்கினேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மார்ச் மாதத்துக்குள் லாலாங் திரும்பி வந்துவிட்டது. அதன் வேர்த்தண்டு மண்ணுக்குள் துண்டு துண்டாகக் கிடந்திருக்கிறது. வெயில் பட்டதும் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியானது.

எனவே சிமெண்டு போடுவதாக இருந்தாலும் போடாவிட்டாலும், பருவமழைக்கு முன்னால் நிலத்தை வெறுமையாக்காதீர்கள்.

கொசுவலை எழுதியது:

எங்கள் வட்டாரத்தில் டெங்கித் தடுப்புக்காக வீடு வீடாகச் செல்லும் தொண்டூழியர்களில் நானும் ஒருவன். தரைவீடுகளில் நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

காடுபோல் தோட்டம் இருந்தால் கொசு நிச்சயம் என்று எல்லாரும் நம்புகிறார்கள். கொசு இளைப்பாற அந்த நிழல் உதவும் என்பது உண்மைதான். ஆனால் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இலையின்மேல் அல்ல. அதற்குத் தேங்கிய நீர் வேண்டும், 20 காசு நாணயத்தின் அளவு நீர் இருந்தாலும் போதும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறப்பதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். நீர் வற்றினாலும் முட்டை பல மாதம் உலர்ந்த நிலையில் உயிரோடு காத்திருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். இதனால் மழை ஓய்ந்துவிட்டது என்று தொட்டித்தட்டைக் காயவிட்டால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கண்ணாடிபோல் துடைத்து வைத்த தோட்டங்களிலும் புழு கண்டிருக்கிறேன்: அலங்காரத் தொட்டிகளில் மண் இறுகிப் பாறையாகி அதன்மேல் நீர் நிற்கும், கூரைத் தாழ்வாரக் குழாயில் இலை அடைத்து நீர் நிற்கும், துணி காயப்போடும் கம்பத்தின் திறந்த வாயில் நிற்கும். அன்னாசிக் குடும்பத்து அலங்காரச் செடிகளின் நடுக்குழியில் நிற்கும் நீரை யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி புழுவைக் கண்டால் வீட்டுக்காரருக்கு அபராதம் 200 வெள்ளியில் தொடங்கும். 2020ஆம் ஆண்டில் இங்கே 35,000 பேருக்கு மேல் டெங்கி கண்டது. எங்கள் தெருவிலேயே நான்கு பேர்.

ஆகவே, அக்கா, வெட்டுகத்தியை எடுப்பதற்கு முன்னால் ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு நீரைத் தேடுங்கள். இலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூலைவீடு எழுதியது:

உங்கள் அனைவருக்கும் நன்றி. கொசுவலை சொன்னபடி நேற்று கத்தியைத் தொடாமல் கைவிளக்கோடு மட்டும் போனேன். கண்டதைச் சொல்கிறேன்.

இலைக்காட்டுக்குள் நான் தேடிய அளவில் எங்கும் நீர் இல்லை. கூரைக் குழாயில் இருந்தது. அதில் இலை மட்கி மண்ணாகி, அதில் ஓர் ஆலங்கன்று ஒரு முழ உயரம் வளர்ந்திருக்கிறது. மைனாவோ புறாவோ போட்ட விதையாக இருக்க வேண்டும். அதன் வேர் கூரை ஓட்டின் இடுக்கில் இறங்கியிருக்கிறது. இரண்டாவதாக, சமையலறைச் சன்னலுக்குக் கீழே கொடிகளை விலக்கியபோது அம்மாவின் ஆட்டுக்கல் அகப்பட்டது. மாவரைக்கும் இயந்திரம் வந்தபின் அம்மா அதை வெளியே வைத்துவிட்டார், ஆனால் தூக்கிப்போட ஒப்பவில்லை. குழவி இல்லாத அந்தக் குழியில் கருந்தேநீர்போல் நீர். விளக்கைக் காட்டியதும், மேலே தொங்கிக்கொண்டிருந்தவை எல்லாம் நெளிந்து அடியில் இறங்கின. எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை. அவ்வளவு பெரிய காட்டில், பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கடிக்கும் கொசுக்கள் பிறந்த இடம் என் அம்மாவின் ஆட்டுக்கல்.

நீரை வெளியேற்றிக் குழியைத் தேய்த்துக் கழுவினேன். கல்லைக் கவிழ்க்க என்னால் முடியவில்லை, ஆதலால் இப்போதைக்கு விளிம்புவரை மணல் கொட்டி மூடியிருக்கிறேன். கூரைக் குழாய்க்கு ஆள் சொல்லியாயிற்று. அடுத்து அந்த இதய வடிவ இலைக் கொடிதான். அதைக் கைப்பிடித்து இழுத்தேன். மேலிருந்து உருளைக்கிழங்குபோல் கருநிறக் காய்கள் தலையில் விழுந்தன. இது என்ன?

பழைய நாற்றங்கால் எழுதியது:

முதலில், அதை இழுக்காதீர்கள், அம்மா. நான் தாம்சன் சாலைப் பக்கத்து நாற்றங்கால்களில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்தவன்; இந்தக் கொடியோடு எனக்கு நெடுநாள் பகை உண்டு.

நீங்கள் சொல்வது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சான்சிபார் வள்ளி என்றே நினைக்கிறேன். வள்ளிக்கிழங்குக் குடும்பம்தான், ஆனால் தின்னத் தகாதது. அதன் தந்திரம் என்னவென்றால், மண்ணுக்குள் ஒரு கிழங்கு வைத்துக்கொண்டு, இலைக்கணுக்களிலும் குட்டிக் கிழங்குகளைக் காய்க்கும். நீங்கள் மேலிருந்து இழுத்தால் கிளையும் முறியும், நூறு குட்டிக் கிழங்கும் தோட்டமெங்கும் தெறிக்கும். மழைக்காலத்தில் ஒவ்வொன்றும் ஒரு கொடியாகும். செய்ய வேண்டியது வேறு. தண்டைக் கையால் பற்றி, கிணற்றுக் கயிற்றில் கைமாற்றிக் கைமாற்றி இறங்குவதுபோல் அதைப் பின்தொடர்ந்து தரைக்கு வாருங்கள். இடுப்பளவில் ஒரு வெட்டு, தரையோரத்தில் ஒரு வெட்டு, நடுத்துண்டை எடுத்துவிடுங்கள். மேலே இருப்பதைத் தொடவேண்டாம். சில வாரத்தில் அது மரத்தின்மேலேயே காய்ந்து சருகாகும், அப்போது ஈர்க்குச்சிபோல் உதிரும். மழைக்காலம் முடிந்து மண் இளகியிருக்கும் நாளில் அடிக்கிழங்கைத் தோண்டுங்கள். விழுந்த குட்டிக் கிழங்குகளை ஒரு வாளி வைத்துக்கொண்டு பொறுக்க வேண்டும். அதற்கு உங்கள் முழங்கால் ஒத்துழைக்காது, பேரப்பிள்ளைகள் இருந்தால் காசு கொடுத்துப் பொறுக்கச் சொல்லுங்கள். எடுத்ததைத் தோட்டத்து எருக்குழியில் போட்டால் அங்கேயே முளைக்கும், கட்டிய பையில் குப்பைக்கு அனுப்புங்கள்.

ராம்புத்தான்மேல் வள்ளி மட்டும் இருக்க வாய்ப்பில்லை. சிறிய வெள்ளைப்பூக் கொத்தோடு மெல்லிய கொடி ஒன்று பின்னியிருந்தால் அது மைக்கேனியா. "நிமிடத்துக்கு ஒரு மைல்" என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு. இதை இழுக்கலாம், எளிதாக வரும். ஆனால் அறுந்த தண்டின் ஒவ்வொரு கணுவும் ஈர மண்ணில் வேர்விடும். பிடுங்கியதை மண்ணின்மேல் குவிக்காமல், சிமெண்டுத் தளத்திலோ கம்பிவேலியின் மேலோ போட்டு நான்கு நாள் வெயிலில் வாட்டுங்கள். மூன்றாவது ஒன்று இருக்கும், அதை நீங்களே வளர்த்திருப்பீர்கள்: புட்டியில் வைத்து வரவேற்பறையில் அழகு பார்க்கும் மணிபிளாண்ட். மண்ணில் விழுந்து மரத்தில் ஏறிவிட்டால் அதன் இலை முறம் அளவு ஆகும். அதையும் வள்ளிபோலவே அடியில் வெட்டிக் காயவிடலாம்.

இவை மூன்றும் பகை. மற்றவற்றோடு சண்டையிட வேண்டாம். தொட்டாற்சுருங்கி, கீழாநெல்லி, வெட்டுக்காயப் பூண்டு, அகன்ற இலைப் பசும்புல் எல்லாம் மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கட்டும். மண்வெட்டி நண்பர் நவம்பரில் பிடுங்கி எறிந்ததில் பாதி, அவருடைய மண்ணுக்குக் காவல் நின்றவை.

சிமெண்டுக்கட்சி எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்லியாக வேண்டும்.

என் தாயாருக்கு 81 வயது. எங்கள் தோட்டத்து நடைபாதையில் பாசி படிந்திருந்தது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில், இந்த ஊரில், பாசியைத் தடுக்க முடியாது. அதன்பிறகு நான் முழுவதும் தரைக்கல் பதித்துவிட்டேன், அதற்காக வருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை வந்துபோகிற, முழங்கால் வலியுள்ள ஒருவருக்குத் தோட்டத்தோடு வாழச்சொல்லி அறிவுரை கூறுவது எளிது. அந்தத் தோட்டத்தில் விழுந்து கிடந்தால் யார் தூக்குவது?

குறையையும் மறைக்கவில்லை. நண்பகலில் தரை சுடுகிறது. வீட்டுக்குள் குளிரூட்டியை முன்பைவிட அதிக நேரம் போடுகிறோம். மழை கொட்டும்போது நீர் ஒரே பாய்ச்சலாக லோங்காங்குக்கு ஓடுகிறது. கல்லின் இடுக்கிலும் புல் முளைக்கத்தான் செய்கிறது. ஆனால் தாயார் தனியாக நடக்கிறார்.

மண்வெட்டி எழுதியது:

சிமெண்டுக்கட்சி சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. நான் எதிர்ப்பது முழுத் தோட்டத்தையும் மூடுவதைத்தான். மூலைவீடு அக்காவுக்கு வேண்டியது ஒரு பாதை: கதவிலிருந்து மல்லிகைவரை, மல்லிகையிலிருந்து வாயில்வரை, இரண்டு அடி அகலம், சொரசொரப்பான கல், ஒரு பக்கமாகச் சற்றே சாய்வு. பாசியைத் தென்னந்துடைப்பத்தால் மாதம் ஒருமுறை தேய்க்கவேண்டிய நீளமும் அவ்வளவாகத்தான் இருக்கும். மிச்சத்தை ஏன் மூட வேண்டும்?

களைக்கொல்லி அடிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அடித்த ஒரு மணி நேரத்தில் மழை வந்து கழுவிக்கொண்டு போகும். இத்தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. நாம் குடிப்பதில் அதுவும் சேரும்.

வேலிக்கு அப்பால் எழுதியது:

நான் காட்டுத் தோட்டத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன். பக்கத்து வீட்டுப் பாட்டியின் இடத்திலிருந்து பேச இங்கு ஒருவரும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு எரிச்சல் தருவது பச்சை அல்ல, பதிலில்லாமை. வேலியைத் தாண்டி வந்த கிளையை என் எல்லைவரை வெட்ட எனக்கு உரிமை உண்டு என்று எனக்குத் தெரியும். வெட்டிய கிளையும் அதிலுள்ள பழமும் மரத்துக்குடையவருக்கே சொந்தம் என்பதும் தெரியும். ஆனால் கேட்டுவிட்டு வெட்டலாம் என்றால் கதவைத் திறக்க ஆளில்லை. பூட்டிய வீட்டின் அஞ்சல் பெட்டியில் மூன்று முறை துண்டுச்சீட்டு போட்டேன். கடைசியில் சமூக சமரச நிலையம்வரை போகலாம் என்று நினைத்தபோது, உரிமையாளர் ஒரு நாள் வந்து தொலைபேசி எண்ணைக் கொடுத்து, வேலியோரம் ஒரு முழம் அகலத்துக்குச் சுத்தமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். சொன்னபடி செய்தார். உள்ளே இன்னும் காடுதான், எனக்குப் புகார் இல்லை. அந்த ஒரு முழ இடைவெளியில் எலி ஓடினால் தெரிகிறது, பாம்பு வந்தால் தெரிகிறது. ஒருமுறை மலைப்பாம்பு வந்தது. தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தொலைபேசியில் சொன்னதும் ஆள் வந்து பிடித்துப் போனார்கள். நாமே அடிக்கவோ பிடிக்கவோ போகக்கூடாது.

பெரிய மரம் எதையாவது வெட்டுவதாக இருந்தால், வீடு மரப் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வட்டாரத்தில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டிய மரத்தை, சொந்த நிலத்தில் இருந்தாலும், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி பெறாமல் வெட்ட முடியாது.

இரவுப்பணி எழுதியது:

நான் தாதி. தோட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கையைப் பற்றித் தெரியும். மழைக்காலத்து ஈர மண்ணில் வெறுங்காலோடும் வெறுங்கையோடும் இறங்காதீர்கள். மெலியாய்டோசிஸ் என்றொரு நோய் உண்டு. அதன் கிருமி இந்தப் பகுதி மண்ணிலும் நீரிலும் இயல்பாகவே வாழ்வது, சின்னக் கீறல் வழியாக உள்ளே போகும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது உயிர்க்கொல்லியாகவும் ஆகலாம். நம்மவர்களில் நீரிழிவு எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. முழங்கால்வரை ரப்பர் காலணி, கையுறை, காயம் இருந்தால் நீர்புகாத கட்டு. தோட்டவேலைக்குப் பின் சில நாளில் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் மண்ணில் வேலை செய்ததை மறக்காமல் சொல்லுங்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தைகளை வெறுங்கையால் பொறுக்க வேண்டாம். அவை ஊர்ந்த கீரையை நன்றாகக் கழுவி வேகவைத்தே உண்ணுங்கள்.

பழைய நாற்றங்கால் எழுதியது:

தாதி அம்மா சொன்னதை நான் கடைப்பிடித்ததில்லை, தப்பித்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

எப்போது எதைச் செய்வது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நவம்பரிலிருந்து ஜனவரிவரை இங்கே மழை அதிகம். அப்போது வெட்டுவதை மட்டும் செய்யுங்கள், தோண்டாதீர்கள். வாராவாரம் மூன்று கோடுகளைக் காத்தால் போதும்: கூரைக் குழாய், வீட்டைச் சுற்றிய வடிகால், வேலியோர ஒரு முழம். நடுவில் என்ன நடந்தாலும் கவலைப்படாதீர்கள். பிப்ரவரியில் மழை குறைந்து, காற்று வீசி, வெயில் காயும். இந்த ஊரில் தோட்டக்காரனுக்கு இயற்கை தரும் விடுமுறை அதுதான். கிழங்கு தோண்டுவது, வாழைத் தூரைச் சுற்றி மண்டிய பக்கக் கன்றுகளைக் குறைப்பது, மல்லிகையை வெட்டிவிடுவது எல்லாவற்றையும் அந்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முருங்கை பிழைத்திருக்காது என்று நினைக்கிறேன். அது நம் ஊர்ப்பக்கத்து வறண்ட நிலத்துக்குப் பழகிய மரம், வேர் நீரில் நின்றால் அழுகிவிடும். கறிவேப்பிலையின் கதை நேர்மாறு. அதன் வேரிலிருந்தே கன்று வெடிக்கும், அதன் கரும்பழத்தைக் குயிலும் கொண்டைக்குருவியும் தின்று வேலிக்கு வேலி விதைக்கும். உங்கள் பின்கட்டில் இப்போது இருபது கன்றாவது இருக்கும்.

இத்தீவின் நடுவிலும் வடக்கிலும் கருங்கல் சிதைந்து உண்டான செம்மண். மழை சத்தையெல்லாம் கழுவிப் புளிப்பாக்கி வைத்திருக்கிறது. மூலைவீட்டு மண்ணும் அப்படித்தான் இருக்கும். அதனால் வெட்டிய சருகை வெளியே அனுப்புவது தன் பணத்தைத் தானே குப்பையில் போடுவது. கொடிகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெட்டிய இடத்திலேயே பரப்பிவிடுங்கள், அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. இரண்டு மாதத்தில் அது காணாமற்போகும். 1978 டிசம்பர் 2ஆம் தேதி பாய லேபாரில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை பதிவானது. அன்று நான் இளைஞன். மறுநாள் நாற்றங்காலில் வெறும் பாத்திகள் எல்லாம் வாய்க்காலாகிக் கிடந்தன. சருகு போட்டிருந்த பாத்திகளில் கன்றுகள் சாய்ந்திருந்தன, ஆனால் இருந்தன.

சிமெண்டுக்கட்சி எழுதியது:

பாதைக்குக் கல் வாங்குவதாக இருந்தால், மெருகேற்றியதை வாங்காதீர்கள். கடையில் அழகாக இருக்கும், மழையில் சோப்புக்கட்டிபோல் ஆகும். என் வீட்டில் முதலில் பதித்தது அதுதான். இரண்டாம் முறை பணம் கொடுத்து மாற்றினேன்.

மூலைவீடு எழுதியது (பிப்ரவரி இறுதி):

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். மழைக்காலம் முழுவதும் மூன்று கோடுகளை மட்டும் காத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. ஜனவரியில் இரண்டு நாள் விடாமல் பெய்தபோது ஒரு வாரம் போக முடியவில்லை. மறுவாரம் வேலியோர ஒரு முழத்தில் கொடி மீண்டும் நீட்டிவிட்டது, ஆனால் வடிகாலில் தெளிந்த நீரே ஓடியது.

வள்ளியை இடுப்பளவில் வெட்டினோம். சீனப் புத்தாண்டுக்குள் ராம்புத்தான்மேல் காய்ந்துபோன போர்வை தொங்கியது. அக்காள் மகன் கம்பால் தட்டியதும் நொறுங்கி விழுந்தது. மரத்தின் ஒரு பக்கக் கிளைகள் பட்டுவிட்டன, மறுபக்கத்தில் தளிர் வந்திருக்கிறது. குட்டிக் கிழங்கு ஒன்றுக்கு ஐந்து காசு என்று பேசிப் பிள்ளைகளிடம் விட்டேன்; 412 கிழங்கு பொறுக்கிவிட்டார்கள். இனி ஒன்றுக்கு இரண்டு காசு என்று விலையைக் குறைத்திருக்கிறேன். முருங்கை, சொன்னபடியே, அடிமரம் பஞ்சாகிக் கிடந்தது.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் என் எண்ணைக் கொடுத்தேன். அவர் தமிழ் அறியார், நான் சீனம் அறியேன். இருவருக்கும் தெரிந்த கடைத்தெரு மலாயில் பேசிக்கொள்கிறோம். அம்மாவும் அவரும் அப்படித்தான் முப்பது ஆண்டு பேசியிருக்கிறார்கள். மல்லிகை எங்கே இருந்தது என்பதை எனக்குக் காட்டியதே அவர்தான். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டி, நான் தேடிக்கொண்டிருந்த இடத்துக்கு இரண்டு அடி தள்ளிச் சுட்டினார். மணிபிளாண்டு இலைகளுக்கு அடியில், கட்டைவிரல் தடிமனில் வெளுத்த தண்டு, நுனியில் நான்கே இலை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருந்தது. முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, அதன்மேல் விழுந்த நிழலை மட்டும் விலக்கினேன். மூன்று வாரத்தில் கணுவுக்குக் கணு தளிர். மொட்டு இன்னும் இல்லை.

பாதையை மண்வெட்டி சொன்ன அளவில், சிமெண்டுக்கட்சி சொன்ன கல்லில் பதித்தாயிற்று. ஆட்டுக்கல்லில் மணலுக்குப் பதிலாக மண் நிரப்பி விளிம்புக்குமேல் குவித்து வல்லாரை வைத்திருக்கிறேன். அடியில் துளை இல்லாததால் மழையில் நீர் தேங்குமோ என்ற அச்சம் மட்டும் இருக்கிறது.

கறிவேப்பிலைக் கன்று 31 இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

கொசுவலை எழுதியது:

மண் விளிம்புக்குமேல் குவிந்து, இறுகாமல் இருக்கும்வரை ஆட்டுக்கல்லால் தொல்லை இல்லை. மாதம் ஒருமுறை ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள். மண் தாழ்ந்து மேலே நீர் பளபளத்தால் மறுபடி மணலுக்கே போய்விடுங்கள்.

நான்காம்மாடி எழுதியது:

எனக்கு இரண்டு கன்று, அக்கா. தாழ்வாரத்தில் அளந்துவிட்டேன், இரண்டுக்கு இடம் இருக்கிறது. வரும் ஞாயிறு பத்து மணிக்கு வரலாமா? தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கமாட்டேன் என்று கொசுவலை முன்னிலையில் உறுதி கூறுகிறேன்.

மூலைவீடு எழுதியது:

வாருங்கள் தம்பி. பத்து மணிக்குமேல் தாமதிக்க வேண்டாம், இரண்டு நாளாகப் பிற்பகலில் இடிக்கத் தொடங்கியிருக்கிறது. பின்கதவு வழியாகவே வரலாம், இப்போது முழுவதும் திறக்கிறது.